தாயின் முழுப் பெயர்

ஓகஸ்ட் 3, ஞாயிறு

லுணுகலை ஜௌபர் நானா கடையில் வருஷப் பிறப்புக்குக் கொடுத்த டயரி இது. ஏழு மாதம் அரிசி வாளிக்கு மூடியாக இருந்தது. இன்றைக்குத்தான் திறக்கிறேன். அந்த ஏழு மாதமும் என்ன செய்தாய் என்று யாராவது கேட்டால் ஒரே பதில்தான் - தேயிலைக் கொழுந்து பறித்தேன், வாயாடினேன். எழுதாமல் விட்டதில் நட்டமில்லை.

எழுதச் சொன்னது மகள் துஷாந்தினி. மட்டக்களப்புப் பக்கம் கம்பஸில், அதாவது பல்கலைக்கழகத்தில், இடம் கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் போக வேண்டும். "நான் போனப்புறம் வாட்சப்ல எழுதணும்ல, கை பழகட்டும்மா" என்றாள். ஐந்தாம் ஆண்டுக்குப் பிறகு மழைக்குக்கூட நான் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியதில்லை. இந்த ஒரு பக்கம் எழுத ஒரு மணித்தியாலம் ஆனது. இந்த நேரத்தில் நாலு கிலோ எடுத்திருப்பேன்.

ஓகஸ்ட் 5, செவ்வாய்

துஷா பீலிக் குழாயின் கீழே குடத்தை வைத்துவிட்டுப் படிக்கத் தொடங்கினாள். குடம் நிறைந்து, வழிந்து, பக்கத்து வீட்டுப் பெரியாயி அக்காவின் வாழைக்கும் தண்ணீர் பாய்ந்து முடிந்தது. இவள் பக்கம் புரட்டுகிறாள். வரிசையில் நின்ற பெரியாயி அக்கா சத்தம் போட ஆரம்பித்தார்.

"கொஞ்சம் பொறுங்கக்கா, கதையில யாரோ சாகக் கெடக்குறாங்களாம். செத்ததும் கொடத்தத் தூக்கிருவா" என்றேன்.

அக்கா சிரித்துவிட்டார். துஷா சிரிக்கவில்லை. அவள் காதில் விழவே இல்லை.

ஓகஸ்ட் 7, வியாழன்

மழை. அரைப் பேர். பதினெட்டுக் கிலோ எடுத்தால்தான் முழு நாள் வேலை என்று முழுப் பேர் போடுவார்கள். எனக்கு இன்றைக்குப் பதினொன்று. மீதி அரைப் பேரை மழைக்குப் போடுங்கள், அதுதான் முழு நாளும் வேலை செய்தது என்று நல்லையா கங்காணியிடம் சொன்னேன். இருபது வருஷமாக என் பகிடிக்கு அவர் சிரித்ததில்லை. இன்றைக்கும் இல்லை. நானும் விடப்போவதில்லை.

ஓகஸ்ட் 9, சனி

துஷாவின் அப்பா இன்று முடிவாகச் சொல்லிவிட்டார். அந்தப் பக்கம் நமக்குச் சொந்தம் பந்தம் யாரும் இல்லை. கம்பஸ் விடுதியில் இடம் கிடைத்தால் பிள்ளை போகலாம், வெளியே அறை எடுத்துத் தங்குவதென்றால் அனுப்பமாட்டார். அவர் அதிகம் பேசாதவர். அதனால் அவர் சொன்னால் சொன்னதுதான். நான் சொன்னால் யாரும் எழுந்துகூட உட்காருவதில்லை.

கொண்டுபோய் விடுவது யார் என்று பேச்சு வந்தது. அப்பா மட்டும் வரட்டும் என்றாள் துஷா. ஏன் என்று நான் கேட்கவில்லை, அவளே சொன்னாள்.

"அம்மா வந்தா அங்க எல்லார்கிட்டயும் வாய் குடுப்பாங்கப்பா."

சிரித்தேன். உண்மைதானே. தெரியாத ஊர், படித்தவர்கள் நடமாடுகிற இடம், நான் போய் என்ன உளறுவேனோ. நான் வந்தால் கம்பஸை மூடிவிடுவார்கள் என்று நானும் சேர்ந்துகொண்டேன். எல்லோரும் சிரித்தோம்.

ரொட்டிதான் ஒரு பக்கம் கருகிப் போனது.

ஓகஸ்ட் 14, வியாழன்

இன்றைக்கு நான் ஒரு காரியம் முடித்தேன். இந்த வீட்டில் படிவம் நிரப்புவது, முத்திரை வாங்குவது, தபாலில் போடுவது எல்லாம் மற்றவர்கள் வேலை என்றுதான் இருந்தது. இனி இல்லை.

துஷாவும் அப்பாவும் மெடிக்கல் எடுக்க விடியற்காலை பஸ்ஸில் பதுளைக்குப் போய்விட்டார்கள். விடுதிப் படிவத்தின் பின்பக்கம் என் பகுதி மட்டும் நிரப்பாமல் மேசையில் கிடந்தது. வந்து எழுதுவதாகச் சொல்லியிருந்தாள். இருபத்தோராம் திகதிக்குள் போய்ச் சேர வேண்டுமாம். ஏன் காத்திருக்க வேண்டும்? டயரி எழுதுகிற கைதானே?

பேனையால் எழுதினேன். மேலே தாயின் முழுப் பெயர், கீழே தொழில், அதற்குக் கீழே வருமானம். எவ்வளவு நுணுக்கமாகக் கேட்கிறார்கள். படித்தவர்கள் என்பதால் பேர் என்று எழுதாமல் மரியாதையாகப் பெயர் என்று எழுதியிருக்கிறார்கள். கூட்டிச் சொல்லி மாட்டிக்கொள்ளக் கூடாது என்று உள்ளதை உள்ளபடி எழுதினேன்: "மாதம் 19 அல்லது 20. மழை மாதம் 14. அரைப் பேர் சேர்க்கவில்லை."

கிராம சேவகரிடம் கொண்டுபோனேன். அவருக்குத் தமிழ் வாசிக்க வராது. "ஹரித?" என்றார். சரியா என்று சிங்களத்தில் கேட்கிறார். "ஹரி" என்றேன், எல்லாம் தெரிந்தவள் மாதிரி. முத்திரை குத்தினார். லுணுகலை தபால் கந்தோரில் பதிவுத் தபாலில் போட்டு, துண்டையும் வாங்கி வைத்திருக்கிறேன். இப்போது மணி நாலு. பிள்ளை வந்ததும் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஓகஸ்ட் 15, வெள்ளி

பார்த்தேன்.

முதலில் அவளுக்கு விளங்கவில்லை. என்ன பத்தொன்பது, எங்கே எழுதினீர்கள் என்று இரண்டு தரம் கேட்டாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள். முழுப் பெயர் என்றால் பெயராம். என் பெயர். கலாராணி என்று எழுத வேண்டியதுதானாம்.

அட கடவுளே. பேரைக் கேட்டதுக்கு நாள் கணக்க எழுதி, முத்திரையும் குத்தி, பதிவுத் தபால்ல அனுப்பிட்டு வந்திருக்கேன். அதுவும் மழை மாசம் பதினாலுன்னு. எவளாவது செய்வாளா?

முன்பக்கத்தில் அப்பாவின் பெயரைத் துஷா முழுசாக எழுதி வைத்திருந்தாளாம். தாளைத் திருப்பியிருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். கொழுந்தில் முற்றலைப் பொறுக்குகிற கண்ணுக்குத் தாளின் மறுபக்கம் தெரியவில்லை.

அவள் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"தெரியாட்டி கேக்கலாம்லம்மா. எல்லாத்தையும் பகிடியாவே எடுத்தா எப்பிடி" என்றாள். அவ்வளவுதான். புத்தகத்தை எடுத்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்தாள். அரை மணித்தியாலம் பார்த்தேன், பக்கம் புரட்டவில்லை.

துஷாவின் அப்பா வெளியே போய் விறகை இன்னொரு தரம் அடுக்கினார். விடுதி போச்சுன்னா கம்பஸும் போச்சு.

ஓகஸ்ட் 16, சனி

மலையில் இன்று யாரையும் கிண்டல் பண்ணவில்லை. காய்ச்சலா என்று நல்லையா கங்காணி கேட்டார்.

ஓகஸ்ட் 18, திங்கள்

கம்பஸிலிருந்து வந்த கடிதத்தில் விடுதிப் பகுதியின் தொலைபேசி இலக்கம் இருந்தது. அதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு மலைக்குப் போனேன். பகல் நிறுவை முடிந்ததும் சிக்னல் கிடைக்கிற பாறையில் ஏறி கோல் எடுத்தேன். ஒரு பெண் பேசினார். முதல் கேள்வியே முழுப் பெயர் சொல்லுங்கள் என்றுதான்.

"அதுதாங்க பெரச்சினையே" என்றேன்.

அந்தப் பக்கம் தாள் புரளுகிற சத்தம் கேட்டது. பிறகு, "நீங்களா அந்தப் பத்தொம்பது?" என்றார்.

ஆமாங்க என்றேன். வேறு என்ன சொல்வது?

"காலையில இருந்து மண்டைய உடைக்கிறம். பத்தொம்பது புள்ளயோ எண்டு ஒராள் கேக்கிறா. மழை மாசம் பதினாலு எண்டா எப்பிடிக் கொறையும் எண்டு இன்னொராள்."

நான் விளக்கினேன். பேர், அரைப் பேர், பதினெட்டுக் கிலோ, எல்லாம். அவர் சிரித்த சிரிப்பில் பாறையில் இருந்து விழப் பார்த்தேன், நானும் சேர்ந்து சிரித்ததால். அவர் பெயர் றஷீனா. துஷாவுக்கு இடம் ஒதுக்கி வைப்பதாகச் சொன்னார். ஆனால் பதிவு நாளன்று நானே அடையாள அட்டையோடு நேரில் வந்து, எழுதியதை வெட்டி, சரியாக எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டுமாம். அப்போதுதான் அறைச் சாவி. தகப்பன் வரலாமா என்று கேட்டேன். தாய்தான் வர வேண்டும் என்றார்.

பின்னேரம் துஷாவிடம் சொன்னேன். இடம் போகவில்லை என்றதும் அவள் முகம் விரிந்தது. நான் வர வேண்டும் என்றதும் கொஞ்சம் சுருங்கியது. "சரிம்மா" என்றாள். நல்ல பிள்ளை. அவ்வளவு சின்னச் சொல்லை அவ்வளவு கஷ்டப்பட்டுச் சொன்னாள்.

ஓகஸ்ட் 31, ஞாயிறு

உடுப்பு ஒரு பை. புத்தகம் இரண்டு உரச் சாக்கு. அலசிக் காயவைத்தும் வாசம் போகவில்லை. இதைப் பார்த்தால் கொண்டக்டர் மரக்கறி என்று நினைத்துக் கூரையில் ஏற்றிவிடுவார் என்றேன். என்னையும் மீறி வந்துவிட்டது. உடனே வாயை மூடிக்கொண்டேன். அங்கே ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று அவளுக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கிறேன். இன்றிலிருந்தே பழகுகிறேன்.

செப்டெம்பர் 2, செவ்வாய்

வீட்டுக்கு வந்துவிட்டோம். உடம்பெல்லாம் பஸ் ஓடுகிறது. ஆனாலும் எழுதாமல் படுக்க முடியாது.

மூன்று பேரும் விடியற்காலை பஸ் ஏறினோம். பிபிலை தாண்டியதும் மலை முடிந்துவிட்டது. தரை இவ்வளவு சப்பையாகக்கூட இருக்குமா? தண்ணீரை ஊற்றினால் எந்தப் பக்கம் ஓடும் என்று கேட்க வாய் வந்தது. சத்தியம் ஞாபகம் வந்தது. கேட்கவில்லை.

விடுதிக் கந்தோரில் பெரிய வரிசை. எல்லாப் பிள்ளைகளுக்கும் சக்கரம் வைத்த பை. எங்களுக்குச் சாக்கு. அவர் வெளியே சாக்குக்குக் காவல் நின்றார். எங்கள் முறை வந்ததும் றஷீனா மிஸ் படிவத்தை எடுத்துப் பார்த்து, முகத்தை நேராக வைத்துக்கொண்டு கேட்டார்.

"தாயின் முழுப் பெயர்?"

நான் துஷாவைப் பார்த்தேன். பேசலாமா கூடாதா? அதற்குள் மேசையைச் சுற்றி நின்றவர்கள் படிவத்தை எட்டிப் பார்த்துவிட்டார்கள். பின்னால் ஒரு அம்மா, பேரைக் கேட்டால் பத்தொன்பது என்று எழுதியிருக்கிறாளே என்று தன் மகளிடம் சொன்னார். மெதுவாகத்தான். ஆனால் சிரிப்பு வரிசையில் கடைசிவரை போனது. என் வாய்க்கு அந்த அம்மா ஒரு வாய் சோறு. ஆனாலும் சத்தியம். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் செருப்பில் இன்னும் தோட்டத்து மண் ஒட்டியிருந்தது.

துஷா பேசினாள். மிஸ்ஸுக்கு மட்டும் இல்லை, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

"எங்க தோட்டத்துல பேர்னா ஒரு நாள் வேலை மிஸ். அம்மா எழுதினது பிழையில்ல. நீங்க கேட்டதுதான் வேற."

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை.

"கொறைச்சுத்தான் எழுதியிருக்காங்க. போன மாசம் அவங்களுக்கு இருபத்தொண்ணு."

யாரும் சிரிக்கவில்லை. றஷீனா மிஸ் பேனையை என் பக்கம் நீட்டினார். பத்தொன்பதை வெட்டினேன். மேலே எழுதினேன்: சின்னையா கலாராணி. எழுத்து எங்கள் மலை மாதிரிச் சாய்ந்துதான் கிடந்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

சாவி கிடைத்தது. சாக்கை அறையில் வைத்துவிட்டுக் கிளம்பும்போது துஷா என் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏதாச்சும் சொல்லுங்கம்மா. நீங்க பேசாம இருந்தா பயமா இருக்கு."

நாற்பத்தேழு வருஷம் ஓயாத வாய். அந்த நேரம் பார்த்து வந்தது ஒரே வரிதான்.

"பைப்ப மூடிட்டுப் படி" என்றேன்.

செப்டெம்பர் 7, ஞாயிறு

துஷா ஒரு புத்தகத்தை விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். அப்படி என்னதான் இருக்கிறது என்று எடுத்தேன். பக்கம் மூன்று. தூங்கிவிட்டேன்.

செப்டெம்பர் 14, ஞாயிறு

பக்கம் நான்கு. யாரோ ஒருவர் வீட்டை விட்டுப் போகிறார். யார் என்று தெரியவில்லை. மறுபடியும் மூன்றாம் பக்கத்துக்குப் போக வேண்டியிருக்கிறது.

செப்டெம்பர் 19, வெள்ளி

மலையில் இருக்கும்போது துஷா கோல் எடுத்தாள். வாட்சப்பில் தினமும் "சாப்பிட்டேன்", "சரி" என்று மட்டும் எழுதுகிறவள். குரல் சரியில்லை. அவள் "போறேன்" என்றால் அறைப் பிள்ளைகள் திரும்பச் சொல்லிச் சிரிக்கிறார்களாம். அவர்களுக்கு "போறன்"தானாம். அதனால் சாப்பாட்டுக்குப் போகும்போதும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போகிறாளாம். படித்தால் யாரும் பேசமாட்டார்கள் அல்லவா.

"வந்துரட்டாம்மா?" என்றாள்.

கூடையை இறக்கி வைத்தேன். வா என்று சொல்லிவிட நாக்கு நுனிவரை வந்தது. வாடி என் தங்கமே, இந்த நிமிஷமே வான்னு.

"வா. ஆனா வந்தா காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்கு என்னோட நிக்கணும். பொஸ்தகத்தப் பாத்துக்கிட்டே கொழுந்து பறிச்சீன்னா நல்லையா கங்காணி அரைப் பேர்தான் போடுவாரு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சினாள். சிரித்தாளா, அழுதாளா, தெரியவில்லை. அதற்குள் சிக்னல் போய்விட்டது.

சரியாகத்தான் சொன்னேனா? பகிடி பண்ணுகிற நேரமா அது? இன்றைக்கு என் கூடையில் பாதி முற்றல். கங்காணி பார்த்தும் பார்க்காத மாதிரி நிறுத்தார்.

செப்டெம்பர் 21, ஞாயிறு

துஷாவிடமிருந்து ஒன்றும் வரவில்லை. நானும் எடுக்கவில்லை. பக்கம் நான்கிலேயே இருக்கிறேன்.

செப்டெம்பர் 24, புதன்

"சாப்பிட்டேன்." அதற்குக் கீழே இன்னொன்று: "முட்டைக் குழம்பு." ஒரு வரி கூடியிருக்கிறது. துஷாவின் அப்பாவுக்கும் வாசித்துக் காட்டினேன். இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார்.

ஒக்டோபர் 5, ஞாயிறு

காலையில் துஷாவிடமிருந்து வாட்சப். வந்தபடியே இங்கே எழுதி வைக்கிறேன், போன் எப்போது சாகும் என்று சொல்ல முடியாது.

"அம்மா, இந்த வாரம் அஞ்சு முழுப் பேர். எல்லா லெக்சருக்கும் போனேன். சனிக்கிழமை அரைப் பேர். லைப்ரரியில தூங்கிட்டேன். றூம்ல எல்லாருக்கும் பேர்னா என்னன்னு சொல்லிக் குடுத்துட்டேன். அகீலாவுக்கு இந்த வாரம் மூணுதான். கங்காணி நான்தான். உங்களுக்கு எத்தனை?"

எனக்கு நாலரை. இரண்டு நாள் மழை, ஒரு நாள் பல்வலி, மூன்றும் அரைப் பேர். உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பினேன். இந்த முறை கேள்வியைச் சரியாக விளங்கிக்கொண்டுதான் எழுதினேன்.

அவளுக்கு ஐந்தரை. எனக்கு நாலரை. பெற்ற மகள் என்னை முந்திவிட்டாள், அதுவும் உட்கார்ந்த இடத்தில் இருந்துகொண்டு. நாளைக்குக் காலையில் பெரட்டுக்கு முதல் ஆளாகப் போய் நிற்க வேண்டும். நல்லையா கங்காணி மறுபடியும் காய்ச்சலா என்று கேட்பார். கேட்கட்டும்.