பூக்கடைக் குளிர் அறையில் எங்கள் கோடை

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நல்ல சுகம். நீயும் மாப்பிள்ளையும் சுகம் என்று உங்கள் குரலை வைத்தே தெரிந்துகொண்டோம், அது அப்படியே இருக்கட்டும். போனில் நீ கேட்டபோதெல்லாம் ஒன்றுமில்லை, கொஞ்சம் வெயில், அவ்வளவுதான் என்று மழுப்பினேன் இல்லையா, உள்ளதைச் சொன்னால் நீ டிக்கெட் போட்டுக் கிளம்பி வந்து நிற்பாய், அதுவும் இல்லாமல் போனில் நான் ஒரு வாக்கியம் பேசினால் பக்கத்தில் நின்று அப்பா இரண்டு வாக்கியம் திருத்துகிறார். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. இப்போது எல்லாம் அடங்கி மழையும் கொட்டிவிட்டது, அதனால் ஆற அமர எழுதுகிறேன், நீயும் வயிற்றுக்கு எதையாவது போட்டுவிட்டு உட்கார்ந்து படி.

முதலில் எல்லாருக்கும் கொண்டாட்டம்தான். வருஷத்தில் பாதி நாள் கம்பளிக்குள் சுருண்டு கிடக்கிற ஊருக்கு வெயில் வந்தால் கேட்கவா வேண்டும், பூங்காவில் புல்லே தெரியாத அளவுக்கு ஜனம் படுத்துக் கிடந்தது. அப்பா எங்கிருந்தோ அரைக்கால் சட்டை ஒன்றைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு பால்கனியில் ராஜா மாதிரி உட்கார்ந்தார், அந்தக் கால்களை ஊரே பார்க்கிறதே என்று எனக்குத்தான் கூச்சம். பகலில் திரை போடுங்கள், ராத்திரி ஜன்னலைத் திறங்கள், தாகம் இல்லாவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள் என்று நீ அடுக்கியபோது, வெயில் ஊருக்குப் போனதும் மகள் பெரிய டாக்டர் ஆயிட்டா என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. நம் வீடுகள் குளிரை வெளியே நிறுத்துவதற்காகவே கட்டியவை, உள்ளே புகுந்த சூடு போகிற வழி தெரியாமல் நம்மோடு குடித்தனமே நடத்த ஆரம்பித்துவிட்டது. ஜன்னல்களில் பாதி, பெயிண்ட் மேல் பெயிண்ட் அடித்து ஒட்டிப்போனவை. மின்விசிறி வாங்கப் போனால் கடைக்காரர், ஹீட்டர் வேணும்னா இருக்கும்மா என்றார், பாவம், கிண்டல் இல்லை, அவரிடம் அதுதான் மிச்சம்.

விஷயம் எவ்வளவு பெரிசு என்று எனக்குப் புரிந்தது பூக்கடையில்தான். முதலாளியம்மா தங்கை வீட்டுக்குப் போயிருந்தார், கடை என் பொறுப்பு. கல்யாணத்துக்குப் பூங்கொத்து கேட்பவர்களைக் காணோம், மலர்வளையம் கேட்டுத்தான் போன் மேல் போன். கொண்டுபோய்க் கொடுக்க விலாசம் கேட்டால் எல்லாம் தெரிந்த தெருக்கள், எல்லாம் மேல்மாடி, எல்லாம் தனியாக இருந்த வயசானவர்கள். டிவியில் அப்போதும் ஐஸ்கிரீம் தின்கிற பிள்ளைகளைத்தான் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் தன் அப்பாவுக்கு வளையம் சொல்ல நேரில் வந்தாள். காலைல பேசினப்போ அசதியா இருக்குன்னுதான் சொன்னார், நானும் தூங்குங்கப்பான்னு சொல்லி வெச்சிட்டேன் என்றாள். அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்கும்போதே என் மனசு நம் கட்டிடத்து மேல்மாடிக்கு ஓடிவிட்டது. உனக்கு ஸ்வரம் பிசகினால் மேஜையைத் தட்டுவாரே, அந்தச் சங்கீத டீச்சர் இன்னும் அங்கேதான், தகரக் கூரைக்கு நேர் கீழே, ஒண்டியாக.

கடையின் குளிர்சாதன வண்டியில் பூ கொடுக்கப் போயிருந்த அப்பா வந்ததும் கடையைப் பூட்டிவிட்டு இருவரும் வீட்டுக்குப் பறந்தோம். டீச்சர் கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து, இன்னைக்கு கிளாஸ் இல்லை, நாளைக்கு வாங்க என்று குரல். அவர் வகுப்பு எடுப்பதை விட்டு எத்தனையோ காலமாச்சே கண்ணு. அப்பா தோளைக் கொடுத்து ஒரே இடி, தாழ்ப்பாள் தெறித்தது. உள்ளே எல்லா ஜன்னலும் சாத்தி, ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், ஒரு சொட்டு வியர்வை இல்லை, தொட்டால் இஸ்திரிப் பெட்டி மாதிரி கொதிக்கிறது. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டால், வண்டி எல்லாம் வெளியே போயிருக்கு, வர நேரமாகும், அதுவரைக்கும் எப்படியாவது உடம்பைக் குளிர வையுங்க என்றாள் போனை எடுத்த பெண். குழாயைத் திறந்தால் தண்ணீரே சுடுகிறது. அப்போதுதான் அப்பா, நம்ம வண்டி ஐஸ் பெட்டிதானே, கடைக் குளிர் ரூமுக்குக் கொண்டு போயிடலாம் என்றார். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் சொன்னதிலேயே உருப்படியான யோசனை அதுதான், அவரிடமே சொல்லிவிட்டேன். இரண்டாம் மாடியில் இருக்கிறாரே, ரயில் ஓட்டி ரிட்டையரானவர், அவர் ஒரு பக்கம் அப்பா ஒரு பக்கம் நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள், ஆம்புலன்ஸையும் பூக்கடைக்கே வரச் சொல்லிவிட்டோம்.

குளிர் அறையில் பூ கட்டுகிற மேஜைமேல் படுக்கவைத்து, ஸ்வெட்டரைக் கழற்றி, பூ வாளித் தண்ணீரில் துணியை நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் போட்டு, அட்டைப் பெட்டி மூடியால் விசிறினேன். நினைவு சரியில்லாதவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று நீ சொன்னது நல்லவேளை ஞாபகம் வந்தது, டம்ளரோடு வந்த ரயில்காரரைத் தடுத்துவிட்டேன். கை ஓய்ந்துபோகும் சமயத்தில் டீச்சர் கண்ணைத் திறந்து, சுற்றிலும் வரிசையாக இருந்த மலர்வளையங்களைப் பார்த்தார். எல்லாரும் வந்தாச்சா, யார் பாடுறாங்க என்று கேட்டார் பார், அப்பா சிரித்தாரா அழுதாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆம்புலன்ஸ் வந்து கூட்டிக்கொண்டு போனது. ஆஸ்பத்திரியில் நடைபாதை எல்லாம் கட்டில், நர்ஸுகளுக்கு உட்கார நேரமில்லை, இருந்தும் பிழைக்கவைத்து அனுப்பிவிட்டார்கள்.

ரயில்காரர் சும்மா இருக்கவில்லை, இவ்வளவு பெரிய ரூமை வெச்சுக்கிட்டு ரோஜாவுக்கு மட்டும் கொடுக்கணுமா என்று கேட்டார். அவரும் அப்பாவும் வண்டியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனார்கள், மேல்மாடி மேல்மாடியாகக் கதவைத் தட்டி வயசானவர்களைக் கடைக்கு ஏற்றி வந்தார்கள். வெளியே ஊர் வெந்துகொண்டிருக்க, உள்ளே கிழவர்களும் கிழவிகளும் கோட்டும் குல்லாவும் போட்டுக்கொண்டு வாளிகளுக்கு நடுவே உட்கார்ந்து சீட்டாடினார்கள். எனக்கு எந்த வளையம் பொருந்தும் என்று ஒருவர் கழுத்தில் மாட்டிப் பார்த்தார், அவர் மனைவி, இது கொஞ்சம் லூசு, இன்னும் சதை போட்டுட்டு வாங்க என்று விரட்டினாள். ஆனால் எல்லாரையும் எட்ட முடியவில்லை கண்ணு. முனையில் பேப்பர் கடை வைத்திருந்தவர், உன்னைப் படக்கதைப் புத்தகத்தை நின்றபடியே படித்து முடிக்க விடுவாரே, அவர் வீட்டை அப்பா அடைந்தபோது கதவு திறந்தே இருந்தது, அவர் உயிர்தான் இல்லை. அவருக்கான வளையத்தை நான் யாரையும் தொடவிடாமல் தனியாகக் கட்டினேன்.

முதலாளியம்மா திரும்பி வந்து, குளிர் அறையில் பல்செட் ஒன்று கிடப்பதைக் கண்டு, இது எந்தப் பூ என்று கேட்டார். எனக்கு வேலை போச்சு என்றுதான் நினைத்தேன். முழுசாகக் கேட்டுவிட்டு மறுநாள் தன் வீட்டிலிருந்து நாற்காலிகள் கொண்டுவந்து போட்டார், பல்செட்டுக்கு உரிமைகொண்டாடி மட்டும் இதுவரை யாரும் வரவில்லை. டீச்சர் இப்போது சளி பிடித்து மூக்கை உறிஞ்சுகிறார், உங்க குளிர் ரூமாலதான் இது என்று என்னைத்தான் திட்டுகிறார், திட்டட்டும், கேட்க இனிமையாக இருக்கிறது. மேல்மாடி ஜன்னல்களை அப்பா கத்தி வைத்துக் கீறித் திறந்து கொடுத்துக்கொண்டிருக்கிறார், அடுத்த கோடையும் இப்படித்தான் இருக்குமாம்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவரையொருவர் சிரிக்கவைத்துக்கொண்டு நூறு வயசு இருக்கணும், அதுதான் எங்கள் இருவரின் ஆசீர்வாதம். ஒன்று மட்டும் மறக்காதே. எதிர் வீட்டில் யார் என்றே தெரியாது என்று போன தடவை சொன்னாயே, இந்தக் கடிதத்தை மடித்து வைத்ததும் எழுந்து போய் அந்தக் கதவைத் தட்டு, பெயர் கேள், உன் பெயரைச் சொல். வெட்கமாக இருந்தால், அம்மாதான் போகச் சொன்னாள் என்று என்மேல் பழியைப் போடு.

முத்தங்களோடு,
உன் அம்மா