வெயிலில் நடந்த ஆராதனை

கர்த்தருக்குள் பிரியமானவருக்கு,

சேலம் ஆஸ்பத்திரியில் உங்கள் காய்ச்சல் இறங்கியதா? பிள்ளைகள் சுகம். நீங்கள் சொல்லிவிட்டுப் போனபடி, உபதேசியாராகிய உங்கள் இடத்தில் நின்று ஞாயிறு ஆராதனையை நானே நடத்தினேன்.

போன மாதம் ஞானஸ்நானம் பெற்ற ஆராயியும் அவள் புருஷனும் முதல்முறையாகக் கோயிலுக்குள் வந்து உட்கார்ந்தார்கள். சபை மூப்பர் எழுந்துவிட்டார். "அந்தச் சாதிசனம் வெளியவே நின்னு பாடட்டுங்கம்மா. உபதேசியாரு இருந்தா எங்க பேச்சைத் தட்டமாட்டாருங்க" என்றார். இருவரும் தலைகுனிந்து வெளியே போனார்கள்.

எனக்கு ஜெபிக்க வாய் வரவில்லை. அவர்களை அனுப்பிவிட்டு, எல்லாருக்கும் பிதாவே என்று எந்த முகத்தோடு சொல்வது? வேதபுத்தகத்தை எடுத்துக்கொண்டு நானும் வெயிலில் போய் நின்றேன். பாட்டை அங்கிருந்தே தொடங்கினேன். நாலைந்து பேர் பின்னால் வந்தார்கள். மற்றவர்கள் அசையவில்லை.

"மிஷன் துரைகிட்டச் சொல்லி வேற உபதேசியாரப் பாத்துக்கறமுங்க" என்று சொல்லிவிட்டு மூப்பர் போனார்.

அன்றிலிருந்து வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே துரை அனுப்பிய ஆள்தானோ என்று எட்டிப் பார்க்கிறேன். உங்கள் வேலை போனால் மிஷன் கொடுத்த இந்த வீடும் போகும்.

வருகிற ஞாயிறும் நான் வெளியேதான் நிற்பேன். அதற்குள் நீங்கள் வந்துவிடலாம் என்கிறார்கள். நீங்கள் எங்கே நிற்பீர்கள் என்று நான் கேட்கவில்லை. மருந்தைத் தவறாமல் குடியுங்கள்.

உங்கள் மனைவி