டால்டனின் லாரிச் சக்கரங்களும் உன் குதிரையும்

லிட்டில்ஃபீல்ட், டெக்சஸ்
புதன்கிழமை, அக்டோபர் 9

அன்பு மகள் லனெலுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம், அவள் முழங்கால் மட்டும் குளிர் வந்ததும் முனக ஆரம்பித்துவிட்டது. மொன்டானாவில் பனி இறங்குவதற்குள் நீயும் மாப்பிள்ளையும் விறகு அடுக்கி, வைக்கோல் சேர்த்து, சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்காதே. போனில் சொன்னால் பாதியிலேயே தம்பிக்குப் பரிந்துகொண்டு வருவாய். காகிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது.

உன் குதிரை ஜூனிப்பர் இன்னும் இங்கேதான் நிற்கிறது. போன சனிக்கிழமையே ஏற்றி அனுப்பியிருக்க வேண்டியது, தாமதத்துக்கு முழுக் காரணம் உன் தம்பி டால்டன். அவனுடைய பிக்கப் வண்டி கம்பெனியில் இருந்து வந்தபோது ஒழுங்காகத்தான் இருந்தது. அவன் கூட்டாளி அந்த டக்கர் ஹட்டோ தன் வண்டிக்கு இருபத்திரண்டரை அங்குல லாரிச் சக்கரம் மாட்டிக்கொண்டு ஊரைச் சுற்றினதைப் பார்த்ததில் இருந்து இவனுக்குத் தூக்கம் போய்விட்டது. லாரி டயர் சீக்கிரம் தேயாது, எவ்வளவு பாரம் என்றாலும் தாங்கும் என்று எனக்கே பாடம் எடுத்தான். முப்பது வருஷமாக லாரி டயர் விற்கிறவனுக்கு! டயர் தாங்கும்டா, உன் அச்சும் பேரிங்கும் பிரேக்கும் அதே பழசுதானே, அதுகளிடம் கேட்டாயா என்றேன். "நீங்க எப்பவும் இப்படித்தான்ப்பா, புதுசா எதுவும் புடிக்காது"ன்னு சொல்லிவிட்டு முன்னால் இரண்டு, பின்னால் இரட்டையாக நான்கு, ஆறு சக்கரத்தையும் என் கடையிலேயே வாங்கினான். பிக்கப் அச்சு முனையில் இருக்கிற எட்டு போல்ட்டு ஹப்பில், லாரி டயரைத் தாங்குகிற பத்து போல்ட்டு டிஸ்க் உட்காராது, அதற்கு நடுவில் ஒரு இரும்புத் தட்டு வேண்டும், அதையும் நான்தான் விற்றேன். மறைக்க ஒன்றுமில்லை, விற்பது என் தொழில்.

மாட்டியபின் வண்டியைப் பார்த்திருக்க வேண்டும் நீ. கோழிக்குஞ்சுக்கு யானைக்கால் ஒட்டவைத்த மாதிரி. மட்கார்டை வெட்டினான், உன் அம்மா ஏறுவதற்கு முக்காலி போட வேண்டியிருக்கிறது. மேடு வந்தால் எஞ்சின் இழுக்காமல் திணறுகிறது. சக்கரம் பெரிதானால் வேக முள் பொய் சொல்லும் என்பதுகூட அந்த மண்டையில் ஏறவில்லை. முள் எழுபதில் நிற்கிறது, வண்டி எண்பத்தைந்தில் பறக்கிறது, ஷெரிஃபின் ஆள் மடக்கிப் பிடித்து, "ஏன் தம்பி, சக்கரம் வாங்கத் தெரிஞ்சவனுக்குக் கணக்குப் போடத் தெரியலையா?"ன்னு கேட்டிருக்கிறான். அபராதச் சீட்டைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்து முள் மேல் பழி போட்டான் உன் தம்பி.

இதெல்லாம் கூத்து என்று விட்டுவிடலாம், அடுத்து செய்ததுதான் மன்னிக்க முடியாதது. பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் ஊர்வலத்தில் இவன் வண்டியும் போக வேண்டுமாம், அதற்காக டிஸ்க், தட்டு எல்லாவற்றையும் கழற்றி மறுபடி பெயின்ட். பள்ளி நிறம், மூன்று பூச்சு, அதுவும் முன்னும் பின்னும். தட்டும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று உட்காரும் முகத்திலுமா பூசுவான் ஒருத்தன்? இரும்பு இரும்பைக் கவ்வ வேண்டிய இடத்தில் பெயின்ட் இருந்தால் அது நசுங்கும், நசுங்கினால் நட்டு தளரும். சுரண்டி எடு என்றேன். "கல்லு மாதிரி காஞ்சிருச்சுப்பா, ஊரே கைதட்டிச்சு"ன்னான். ஊரா நட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடிவரப் போகிறது? ஐம்பது மைல் ஓட்டிவிட்டுத் திரும்ப முறுக்கினாயா என்றேன். ஊர்வலத்துக்கு ஓட்டினேனே என்கிறான். ஊர்வலம் எட்டுத் தெரு.

வயிற்றில் குட்டியோடு நிற்கிற உன் குதிரையை ஏற்றிக்கொண்டு ஆயிரத்துச் சொச்சம் மைல், மலைப்பாதை வேறு. நான் கதவுக்குக் குறுக்கே நின்றுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, குதிரை ஏற்றாமல் வெறும் டிரெய்லரை மாட்டி, இருவரும் மியூல்ஷூ வரை போனோம். வழியெல்லாம் ரேடியோவோடு சேர்ந்து பாடிக்கொண்டே வந்தான். பெட்ரோல் பங்கில் நிறுத்தி இறங்கி, பின் இடது சக்கரத்து நட்டில் கை வைத்தேன். விரலாலேயே திரும்பிற்று, லனெல். ஸ்பேனர் இல்லை, விரல். பத்தில் நான்கு அப்படி. நட்டைச் சுற்றிப் பெயின்ட் பற்பசை மாதிரி பிதுங்கி நிற்கிறது. அவனைக் கூப்பிட்டு அவன் விரலாலேயே திருப்பச் சொன்னேன். திருப்பினான். பாட்டு நின்றுபோயிற்று.

முறுக்கிவிட்டு முப்பது மைல் வேகத்தில் ஊர்ந்தே வீடு வந்தோம். இவ்வளவு பார்த்த பிறகும், பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு இதே சக்கரத்திலேயே குதிரையைக் கொண்டுபோகிறேன் என்று ஆரம்பித்தான். என் மகள் குதிரை இதன்மேல் ஏறாது என்றேன். அப்போது கேட்டான் பார், "அப்ப மத்தவன் மகள் குதிரை ஏறலாமா? அவங்களுக்கும் இந்தத் தட்டை நீங்கதானே வித்தீங்க?" கழுதை வாயில் இருந்து எப்போதாவது நியாயமும் வந்துவிடுகிறது.

திங்கட்கிழமை, என்னிடம் தட்டு வாங்கின ஐந்து பேரையும் போனில் பிடித்து, வண்டியைக் கொண்டுவாருங்கள், கழற்றிப் பார்க்கணும் என்றேன். இருவர் வருகிறேன் என்றார்கள், இன்னும் வரவில்லை. இருவர் கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று போனை வைத்துவிட்டார்கள். டக்கர் ஹட்டோ நேற்று வந்தான், "யோவ் பெரியவரே, வித்ததைத் திருப்பி வாங்கப்போறீரா?"ன்னு சிரித்துக்கொண்டே இறங்கினான். மாட்டினதில் இருந்து அவனும் திரும்ப முறுக்கவே இல்லை, அவன் வண்டியில் மூன்று நட்டு லூஸ். பின் சீட்டில் அவன் கைக்குழந்தை தூங்குகிறது. அதற்குப்பின் அவன் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை. மிச்சம் நான்கு பேர் வீட்டுக்கும் நாளைக்கு நானே ஸ்பேனரோடு போகிறேன், திட்டினால் திட்டட்டும். அந்தத் தட்டு இனி என் கடையில் கிடையாது.

டால்டனுடைய பழைய சக்கரம் ஆறும் என் பின் கொட்டகையில் இருந்தன, விலைக்குக் கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்லி வைத்திருந்தேன். இன்று காலை அவற்றை மாட்டியாயிற்று. திங்கட்கிழமை விடிந்ததும் ஜூனிப்பரோடு கிளம்புகிறோம். ஆமாம், நானும்தான். ஐம்பது மைலில் ஒருமுறையும், பிறகு பெட்ரோல் போடும் இடத்திலெல்லாமும் இறங்கி நட்டுப் பார்ப்போம், அவன் முணுமுணுப்பான், கேட்டுக்கொள்வேன். நான்கு மணி நேரத்துக்கு ஒரு தரம் குதிரைக்குத் தண்ணீர். புதன்கிழமை இருட்டுமுன் வந்துவிடுவோம். கொட்டிலில் புது வைக்கோல் போட்டு வை. அம்மா பீச் ஜாம் ஆறு பாட்டில் கட்டிவைத்திருக்கிறாள், மாப்பிள்ளையிடம் ஒரே நாளில் காலி பண்ண வேண்டாம் என்று சொல்.

கர்த்தர் உங்கள் இருவரையும், பிறக்கப்போகிற குட்டியையும் கைவிடாமல் காப்பாராக. ஒன்று மறக்காதே, நாங்கள் வந்ததும் குதிரையை இறக்குவதற்கு முன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி ஒவ்வொரு நட்டையும் தொட்டுப் பார். அசையாமல் இருந்தால் தம்பியிடம் நல்லதாக ஒரு வார்த்தை சொல். எல்லாவற்றையும் அவன்தான் முறுக்கினான், நான் கை வைக்கவில்லை.

உன் அப்பா
ஹோலிஸ் பிரூயிட்