சாத்தானுக்க குதிரை

மார்த்தாண்டம்,
12-8-1953

அன்புள்ள தாணம்மாளுக்கு,

லீலாபாய் எழுதுவது. மதராஸில் நீயும் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டும். இங்கே மழை விடவில்லை, துணி காயவில்லை, சின்னவனுக்குச் சளி. இதையெல்லாம் எழுதி நேரம் கடத்துகிறேன் என்று உனக்குத் தெரிந்துவிடும். விஷயத்துக்கு வருகிறேன்.

உன் நாவலைப் பாடமாக வைக்க எங்கள் மிஷன் பள்ளிக்கூடக் கமிட்டி ஒத்துக்கொள்ளவில்லை. அதைவிட மோசம், திருத்தினால் வைக்கலாம் என்கிறார்கள்.

நாலாம் பார வகுப்பில் நான் அதைச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். மலைப்பூதம் ஆற்றைப் பூட்டி வைத்திருக்கிறது, ஊரே பயந்து கிடக்கிறது, பதினாலு வயதுப் பூங்கனி சாத்தானின் வெள்ளைக் குதிரையில் ஏறிப் போய், "எங்க வெள்ளத்த ஏன் பூட்டின?" என்று கேட்கிறாளே, அந்த இடத்தில் வகுப்பில் ஒருத்தரும் இருமக்கூட இல்லை. மறுநாள் இசபெல் எழுந்து நின்றாள். பெயரைக் கூப்பிட்டாலும் தலை நிமிராத பிள்ளை. ஆம்பிளைப் பிள்ளியள் குடிச்சு முடியிற வரைக்கும் நாங்க ஏன் கிணத்தடியில மிண்டாம வாய மூடிட்டு நிக்கணும் டீச்சர் என்று கேட்டாள். வருஷக்கணக்காக நீதிப்பாட்டு ஒப்பிக்க வைக்கிறேன், ஒரு பிள்ளையும் இப்படிக் கேட்டதில்லை. ஒரு பாடப்புத்தகம் இதற்குமேல் என்ன செய்ய வேண்டும்? இதைத்தான் கமிட்டியில் சொல்வதாக உனக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

மானேஜர் ஞானசிங் ஐயா என் வீட்டுக்காரருக்குப் பெரியப்பா முறை. புத்தகத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "பிள்ளியள சாத்தானுக்க குதிரையில கேற்றி விடுதியளா டீச்சரே?" என்று கேட்டார். உன் சாத்தான் ஊரைக் காக்கிற சாஸ்தா. அவருக்குச் சாத்தான் என்றால் வேதத்தில் வருகிற பிசாசு. ஒரு நிமிஷத்தில் விளக்கியிருக்கலாம். உங்கள் சாத்தான்கோயில் பாயசத்தை உன் வீட்டு உருளியில் வழித்துத் தின்ற எனக்குத் தெரியாதா? உனக்கெப்படித் தெரியும், அங்கே போவாயோ என்று கேட்டுவிடுவார்களே என்று நாக்கு மேல்வாயோடு ஒட்டிக்கொண்டது. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், தாணம். சாத்தானை எடுத்துவிட்டுத் தேவதூதன் என்று போடும்படி உனக்கு எழுதச் சொன்னார்கள். சரி ஐயா என்றேன்.

வாசிக்கப் பிள்ளைகளிடம் கொடுத்திருந்த உன் புத்தகங்களை நான்தான் திரும்ப வாங்கினேன். இசபெல் ஏன் என்று கேட்கவில்லை, நீட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். கிணற்றடியில் பழையபடி ஒதுங்கி நிற்கிறாள். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்கிறது. அந்த வகுப்புக்குள் நுழையவே கால் வரவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை கமிட்டி மறுபடியும் கூடுகிறது. நீ ஒரு எழுத்தையும் மாற்றாதே. மாற்றமாட்டேன் என்று அவர்களுக்கு எழுதவும் வேண்டாம். எழுதினால் அந்தக் காகிதத்தை நீட்டிவிட்டு உன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன், என்னை எனக்குத் தெரியும். அது நான் எழுந்து நின்று சொல்ல வேண்டியது.

ஜெபம் பண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனாலும் எனக்காக உங்கள் சாத்தானிடமும் ஒரு வார்த்தை கேள். அன்றைக்கு ஒரு நாளாவது என் வாயைத் திறந்துவிடச் சொல்.

உன் தோழி என்று போடக் கை கூசுகிற,
லீலாபாய்