தங்கையின் உடம்பும் நம் வீட்டு வாயும்

அன்புள்ள பெரியவளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். போனில் பேசினால் உன் அம்மா பாதியில் பிடுங்கிக்கொள்வாள், அதனால்தான் கடிதம்.

போன மாதம் உன் தங்கை துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே மயங்கி விழுந்துவிட்டாள். விசாரித்தால், சாப்பிடாமல் தண்ணீரைக் குடித்தே நாட்களை ஓட்டியிருக்கிறாள். உன் அத்தை வந்தபோது "இப்படி ஊதிக்கிட்டே போனா எவன்டி உன்னைக் கட்டுவான்" என்று சிரித்துக்கொண்டே சொன்னது இவளுக்குத் தைத்துவிட்டது. பல மாதமாக விலக்கு வரவில்லை என்பதும் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. டாக்டரம்மாவிடம் போனபோது, நானும் உள்ளே வரட்டுமா என்று அவளையே கேட்டேன், தலையாட்டினாள். சினைப்பையில் நீர்க்கட்டி என்கிறார்களே, அதுதானாம். இன்சுலின் சுரக்கிறது, உடம்புதான் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லையாம். அதனால் இன்னும் அதிகமாகச் சுரந்து, அது சினைப்பையைக் கிளறி ஆண் ஹார்மோனைக் கூட்டிவிட, விலக்கு தள்ளிப்போகிறது. எடை ஏற ஏற உடம்புக்குக் காது இன்னும் மந்தமாகிறது, அதனால் எடை இன்னும் ஏறுகிறது. ஒல்லியான பெண்களுக்கும் இது வருமாம். "சோம்பேறின்னு யாராவது சொன்னா என்கிட்ட அனுப்புங்க" என்றார். கொஞ்சம் எடை குறைந்தாலே நல்ல மாற்றம் தெரியும், ஆனால் பட்டினி கூடவே கூடாது என்று சொல்லி மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்.

அத்தை மறுபடி வந்தாள். "அக்கா, என் பொண்ணு உடம்பப் பத்தி இந்த வீட்டுல இனி ஒரு வார்த்தை வேணாம்" என்றேன். தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள். போகட்டும். சாயங்காலம் மூன்று பேருமாக நடக்கிறோம். முட்டி வலி என்று புலம்பும் உன் அம்மாதான் முதலில் செருப்பை மாட்டுகிறாள். என் டீக்கும் சர்க்கரை கிடையாது, வாயில் வைக்க முடியவில்லை, ஆனாலும் குடிக்கிறேன்.

நேற்று உன் தங்கை சமையலறை வாசலில் நின்று "அப்பா, வந்துடுச்சுப்பா" என்றாள். எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் "சரிம்மா, சாப்ட்டியா" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று!

இது குடும்பத்தில் ஓடுமாம். உனக்கும் மாதம் தவறுகிறது என்று அம்மா இப்போதுதான் வாய் திறந்தாள். இந்த வாரமே டாக்டரிடம் போய் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்துவிடு. கேட்கக் கூச்சமாக இருந்தால் போனில் என்னைப் பிடி, நான் கேட்கிறேன். எனக்குக் கூச்சம் விட்டுப்போய்விட்டது. நீங்கள் இருவரும் நீண்ட நாள் நன்றாக வாழ வேண்டும்.

உன் பக்கம் நிற்கும்,
அப்பா