ஐம்பத்திரண்டாவது நிமிடம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அத்தையும் உன் பிள்ளைகள் இருவரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்தால் அதுவே எங்களுக்குப் போதும். சின்னவனுக்கு இருந்த இருமல் விட்டுவிட்டது. பெரியவள் கணக்கில் நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள், டீச்சர் என்னைக் கூப்பிட்டே சொன்னார். உன் அத்தைக்கு முழங்கால் வலி, ஆனால் வாய்க்கு ஒரு வலியும் இல்லை, மூன்று நாளாக என்னைத் திட்டிக்கொண்டே இருக்கிறாள். இந்த முறை அவள் திட்டுவதில் நியாயம் இருக்கிறது, அதனால்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம் என்றால் பிள்ளைகள் இரண்டும் என் காலைச் சுற்றிக்கொண்டு நிற்கிறார்கள், என் குரலும் இப்போதெல்லாம் நான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

போன மாதம் எனக்கு ஒரு வேலை கொடுத்தாயே, அந்தக் கரடிப் படம். வகுப்பில் எல்லாரும் பார்த்துவிட்டார்கள், நான் மட்டும்தான் பார்க்கவில்லை என்று சின்னவன் உன்னிடம் போனில் அழுதான். நீ என்னைத் தனியாகக் கூப்பிட்டு, குடும்பப் படம்னு போஸ்டர்ல போட்டிருக்கறத நம்பாதீங்கப்பா, நீங்க ஒருதடவ போய்ப் பாருங்க, சாவு கீவு ஏதாவது இருந்தா வேண்டவே வேண்டாம் என்றாய். நீ எதற்குப் பயப்படுகிறாய் என்று எனக்குத் தெரியாதா. மாப்பிள்ளை போய் எட்டு மாதம் ஆகிறது, பிள்ளைகளுக்கு அவர் இன்னும் அங்கே ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார், டாக்டர் போன் பேசக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். லீவில் வந்து மடியில் உட்கார வைத்துக்கொண்டு நானே சொல்கிறேன், அதுவரை யாரும் வாய் திறக்கக் கூடாது என்றாய். சரி என்றோம். உன் லீவு இரண்டு தடவை தள்ளிப் போய்விட்டது.

அப்படியாக நான் ஒரு புதன்கிழமை காலை ஆட்டத்துக்குத் தனியாகக் கிளம்பினேன். நோட்டும் பேனாவும் எடுத்து வைப்பதைப் பார்த்து உன் அத்தை, படம் பாக்கப் போறியா பரீட்சை எழுதப் போறியா என்று கேட்டாள். தியேட்டரில் என்னையும் சேர்த்து ஆறு பேர், அதில் ஒருவர் ஏசிக்காக வந்து தூங்குகிறவர். விளக்கு அணைந்ததும் மணி பார்த்து எழுதிக்கொண்டேன். நல்ல படம்தான் அம்மா, பொய் சொல்ல மாட்டேன், அந்தக் குட்டிக் கரடி தேன்கூட்டில் மூக்கை விட்டுக்கொண்டு ஓடும் இடத்தில் கிழவன் நானே வாய்விட்டுச் சிரித்தேன். ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில் அப்பா கரடி குட்டியைக் கரையில் தள்ளிவிட்டுத் தான் பனி ஆற்றில் விழுந்துவிடுகிறது. விழுந்தது எழுந்து வரவில்லை. குட்டி கரையிலேயே ஓடி ஓடிக் கூப்பிடுகிறது, ஆறு நிமிடம். அதற்குப் பிறகு மறுபடி ஆட்டம் பாட்டம்தான்.

அன்றைக்கே உனக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்தால் சின்னவன் வாசலிலேயே நிற்கிறான், முகத்தை நிமிர்த்திக்கொண்டு பாக்கலாமா தாத்தா என்கிறான். என் புத்திதான் உனக்குத் தெரியுமே, பஸ் டிப்போவில் முப்பத்தொரு வருடம் டைம் கீப்பராக உட்கார்ந்தவன், எந்தக் கஷ்டமானாலும் அது வரும் நேரம் தெரிந்துவிட்டால் சமாளித்துவிடலாம் என்று ஒரு திமிர். ஐம்பதாவது நிமிடத்தில் பாத்ரூம், பாப்கார்ன் என்று வெளியே கூட்டிப் போய் அறுபதாவது நிமிடத்தில் திரும்பக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டால் அந்த ஆறு நிமிடம் அவர்களுக்கு இல்லவே இல்லை என்று கணக்குப் போட்டேன். உன் அத்தையிடம் சொன்னேன், அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். உனக்கும் சொல்லவில்லை, அதற்கு நீ என்னை என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை தியேட்டர் நிரம்பி வழிந்தது. கூட்டம் இருக்கிற நாளில் விளம்பரமும் நிறையப் போடுவான் போலிருக்கிறது, சோப்பு, பெயிண்ட், நகைக்கடை என்று போய்க்கொண்டே இருந்தது, எனக்கு அது மண்டையில் உறைக்கவில்லை. கிளம்பின நேரத்தை எழுதச் சொன்னால் என்ஜினை ஸ்டார்ட் பண்ணின நேரத்தை எழுதிக் கொடுக்கிற கண்டக்டர்களை நான் எத்தனை திட்டியிருப்பேன். கடைசியில் அதே தப்பை நான் செய்தேன். படம் ஆரம்பித்த நேரத்திலிருந்து எண்ணாமல் விளக்கு அணைந்த நேரத்திலிருந்து எண்ணினேன். சொன்னபடி ஐம்பதாவது நிமிடம் வெளியே கூட்டிப் போனேன், அப்போது தேன்கூடு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது, பிள்ளைகளுக்குச் சிரிக்கக் கிடைத்த இடம் அது ஒன்றுதான், அது போயிற்று. பாப்கார்ன் டப்பாவோடு திரும்பி வந்து இருட்டில் தடவி உட்கார்ந்தோம், ஒரு நிமிடம்கூட இருக்காது, அப்பா கரடி ஆற்றில் விழுந்தது.

மறுபடி எழுப்பிக்கொண்டு போக நேரம் இல்லை. பெரியவள் திரையைப் பார்க்கவே இல்லை, என்னைப் பார்த்தாள். ஒரு கையால் தம்பி கண்ணைப் பொத்தினாள், இன்னொரு கையால் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த ஆறு நிமிடமும் அப்படியே இருந்தாள். எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்தப் பிடி எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சின்னவன் என் மடியில் தூங்கிவிட்டான். அவன் தூங்கிவிட்டானா என்று குனிந்து பார்த்துவிட்டுப் பெரியவள் மெல்லப் பேசினாள். அவள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுதுகிறேன், மனதைத் திடப்படுத்திக்கொண்டு படி. எனக்குத் தெரியும் தாத்தா, அப்பா செத்துப் போயிட்டார்னு எனக்கு அன்னைக்கே தெரியும், போன் வந்ததும் நீங்க பாத்ரூமுக்குப் போய்க் குழாயத் தொறந்து விட்டுட்டு அழுதீங்க, வாளி நெறஞ்சு தண்ணி கதவுக்கு வெளிய வந்துச்சு, நான்தான் மிதியடியப் போட்டுத் தொடச்சேன் என்றாள். அப்படியென்றால் வாரா வாரம் போனில் அம்மாவிடம் அப்பா எப்படி இருக்கிறார் என்று ஏன் கேட்கிறாய் என்றேன். நான் கேக்காம விட்டா எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அம்மாவுக்குத் தெரிஞ்சிடும்ல, அப்புறம் அம்மா அங்க தனியா அழுவாங்க என்றாள்.

நாம் மூன்று பெரியவர்கள் சேர்ந்துகூட இவ்வளவு நன்றாக மறைத்திருக்க மாட்டோம். எட்டு மாதமாக அந்தக் குழந்தை உன்னையும் என்னையும் காப்பாற்றிக்கொண்டு ஒரு மூலையில்கூட உட்கார்ந்து அழாமல் பள்ளிக்கூடம் போய் மார்க் வாங்கியிருக்கிறாள். எனக்கு அவமானமாக இருக்கிறது. வீட்டுக்கு வந்து உன் அத்தையிடம் சொன்னேன், அவள் திட்ட ஆரம்பித்தவள்தான், கரடி செத்தத மறைக்கப் போனியே, உன் வீட்ல செத்தத மறைச்சியே, இன்னும் எத்தன நாளைக்கு என்று.

சின்னவன் எவ்வளவு பார்த்தான் என்று தெரியவில்லை. அக்காவின் விரல் இடுக்கு வழியாகக் கொஞ்சம் பார்த்திருக்கிறான். நேற்றுக் காலை என் நோட்டை எடுத்து வந்து மடியில் வைத்தான். எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் தெரியும் அவனுக்கு, எண்கள் எல்லாம் தெரியும். ஐம்பத்திரண்டு என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்து, அப்பா கரடி திரும்பி வர்றது எத்தனாவது நிமிஷம் தாத்தா, அத எழுத மறந்துட்டீங்களா என்று கேட்டான். நோட்டை வாங்கி மூடிவிட்டேன்.

படம் சரியா என்று கேட்டிருந்தாய். இந்த வீட்டில் இப்போது அதற்கு என்னிடம் பதில் இல்லை. லீவுக்குக் காத்திருக்காதே அம்மா. மடியில் உட்கார வைத்துச் சொல்ல வேண்டும் என்கிற உன் ஆசை எனக்குப் புரியாமல் இல்லை, மடிக்கு நான் இருக்கிறேன், அத்தை இருக்கிறாள், குரல் மட்டும் உன்னுடையதாக இருக்கட்டும். நானே சொல்லிவிடலாம், ஆனால் நீ சொல்லாமல் நான் சொன்னால் நாளைக்கு அவர்கள் உன் முகத்தைப் பார்த்து எதைத்தான் நம்பிக் கேட்பார்கள்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வர ஒரு வாரம் ஆகும். அதற்கு அடுத்த ஞாயிறு நாலு மணிக்குக் கூப்பிடு. பிந்தினாலும் பரவாயில்லை, அன்றைக்கு மட்டும் நான் மணி பார்க்க மாட்டேன். குளிருக்குக் கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ, வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே. நீ திடமாக இருக்க வேண்டும், உன் பிள்ளைகள் உன்னைப் பார்த்து வளர வேண்டும், அதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. ஒன்று மட்டும் மறந்துவிடாதே. பெரியவள் வழக்கம்போல அப்பா எப்படி இருக்காரும்மா என்று கேட்பாள். இந்த முறை அவளுக்குப் பதில் சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா