பச்சை விளக்கில் உன் பெயர்

எல்லாரும் ஏறிய பிறகு ஜீப்பின் பின்கம்பியில் தொற்றிக்கொண்டு வரும் என் அப்பாவுக்கு,

அப்பாவை 'நீங்கள்' என்றுதான் எழுத வேண்டும் என்பார் எங்கள் தமிழ் டீச்சர். நான் உன்னை 'நீ' என்று கூப்பிட்டே வளர்ந்தவள். அப்படியே எழுதுகிறேன். கோபித்துக்கொள்ள மாட்டாய்தானே?

வருகிற திங்கட்கிழமை நானும் அம்மாவும் பஸ் பிடித்து மலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்குகிறோம். வங்கியில் உன் இறப்புச் சான்றிதழைக் கொடுக்க வேண்டும். நீ போய் நான்கு மாதம் ஆகிறது. வங்கியில் மட்டும் நீ இன்னும் உயிரோடு இருக்கிறாய். என் கணக்குக்குக் காப்பாளர் நீதான். பதினோராம் வகுப்புக்கு விடுதியில் சேர அந்தப் பணம் வேண்டும். உன் பெயரை எடுத்தால்தான் அது என் கைக்கு வரும். அதற்கு முன்னால் உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.

நான் காட்டில் பொறுக்கிய கடுக்காயை, காட்டுப்பொருள் வாங்கும் சங்கத்தில் போட்டபோது, பணம் கணக்கில்தான் வரும் என்றார்கள். "உன் கையால பொறுக்கினது, உன் பேர்லயே வரட்டும்" என்று நீதான் கணக்கு தொடங்கினாய். எனக்கு வயது போதாததால், செய்தி வர உன் செல்போன் எண், பணம் எடுக்க உன் கைரேகை. பாஸ்புத்தகத்தை நான் பாடப்புத்தகத்துக்குள் வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன், உனக்குத் தெரியுமா?

பிறகு வெள்ளிக்கிழமைதோறும் நூறு ரூபாய் குறைய ஆரம்பித்தது. உன்னிடம் கேட்டேன். கேட்டேன் என்பது பொய், கத்தினேன். "என் காச எனக்குத் தெரியாம எடுக்கிறியே, நீயெல்லாம் ஒரு அப்பனா?" நீ செருப்பை மாட்டிக்கொண்டே, "நான்தான்னு வச்சிக்கோயேன்" என்று சிரித்தாய். அதற்குப் பிறகு நான் உன்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் உளுந்தூர்பேட்டையில் கட்டட வேலையில் நீ நின்ற சாரம் சரிந்தது.

உன்னைக் கிடத்தியபோது கைகளை நெஞ்சின் மேல் சேர்த்து, கட்டைவிரல் இரண்டையும் துணிக் கிழிசலால் கட்டினார்கள். அழவேண்டிய நேரத்தில் நான் அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

காரியம் முடிந்த வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி. மாடத்தில் உன் படத்துக்குப் பக்கத்தில் இருந்த உன் செல்போன் அதிர்ந்தது. கைரேகை வைத்து நூறு ரூபாய் எடுக்கப்பட்டதாகச் செய்தி. மூன்று முறை படித்தேன். வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். படத்தின் முன்னால் விளக்கின் திரி ஆடாமல் எரிந்துகொண்டிருந்தது.

அடுத்த வெள்ளியும் வந்தது. அதற்கு அடுத்த வெள்ளியும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மாடத்தைத்தான் பார்ப்பேன். அதிர்ந்து அதிர்ந்து போன் நகர்ந்த தடம் தூசியில் தெரியும். ஒவ்வொரு முறையும் விளிம்பை நோக்கி, என் பக்கமாக, கொஞ்சம் நகர்ந்திருக்கும். அம்மாவிடம் சொன்னேன். அவள் அடுப்பைவிட்டுத் திரும்பாமலே, "உங்கப்பா எடுத்தா எடுத்துக்கினு போவட்டும் வுடு. போன அணைக்காத" என்றாள். அதைக் கேட்டு எனக்கு இன்னும் பயமாகிவிட்டது. முடிச்சை நீயே அவிழ்த்துக்கொண்டாயா? அங்கே உனக்கு எதற்கு நூறு ரூபாய்? நான் கத்தியதற்குத்தான் எடுக்கிறாயா?

போன வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு என்று சொல்லிவிட்டு, வெள்ளிமலையில் கைரேகை வைத்துப் பணம் எடுக்கும் மளிகைக் கடைக்குப் போனேன். நம் பக்கத்தில் அப்படிப்பட்ட கடை அது ஒன்றுதானே. அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். முதல்நாள் கோடைமழை பெய்திருந்தது. பனிமூட்டம் கடை வாசல் வரைக்கும் வந்து நின்றது. பதினொரு மணிக்கு அதற்குள்ளிருந்து உன் சட்டை வந்தது.

அதே நீலக் கட்டம். காலரில் அதே சிமெண்டுக் கறை. தலையில் உன் துண்டு. முகம் தெரியவில்லை. 'அப்பா' என்று என் வாய் மட்டும் அசைந்தது.

வாசலில் வந்து துண்டை அவிழ்த்தது அம்மா. களை வெட்டப் போகிறவள், புடவைக்கு மேலே உன் சட்டையைப் போட்டிருந்தாள்.

கடையில் இருந்தவர் அந்த வாரம்தான் புதிதாக வந்தவர். பெயர் கேட்டார்.

"ஏழுமல" என்றாள் அம்மா.

அப்பா, அவள் வாயால் உன் பெயரை நான் கேட்டதே இல்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட என்னைத்தானே சொல்லவைப்பாள்?

"ஆம்பள பேரா இருக்கேம்மா?"

"மிஷினு கேக்கட்டும், நீ சும்மா இரு" என்று விரலை வைத்தாள். சிவப்பு விளக்கு பச்சையானது.

திரும்பியவள் என்னைப் பார்த்தாள். திடுக்கிடவில்லை. "லைப்ரரின்னு சொன்ன?" என்றாள். வீட்டுக்கு நடக்கும்போதுதான் எல்லாவற்றையும் சொன்னாள். சிமெண்டுக் கலவை உன் விரல்களில் ஒரு கோட்டைக்கூட விட்டுவைக்கவில்லையாம். ஆதார் முகாமில் உன் பத்து விரலும் பதியவில்லை. வரிசையில் பின்னால் நின்றவர்கள் சத்தம் போட, வீட்டு ஆள் யாராவது வையுங்கள் என்று பதிவு செய்தவர் சொல்ல, அம்மா வைத்திருக்கிறாள். அன்றிலிருந்து உன் பெயருக்கு அவள் விரல். அவள் தனக்காகப் பதியப் போனபோதெல்லாம், இந்த ரேகை ஏற்கெனவே இருக்கிறது என்று திருப்பி அனுப்பியது அதனால்தான்.

அப்படியென்றால் என் பணத்தில் ஒரு ரூபாயைக்கூட உன்னால் எடுத்திருக்க முடியாது.

"மளிகைக்குத்தான்டி எடுத்தேன். நீ கத்துன அன்னிக்குச் சொல்ல வாயெடுத்தேன். வேணான்னு கண்ணக் காட்டினாரு. நான்தான் வாரம் பூரா வெளியூர்ல கீறேன், புள்ள என்கிட்டயே கோச்சிக்கட்டும்னாரு."

"இப்ப இன்னாத்துக்கு எடுக்கிற?"

அம்மா உன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். நீ போன பிறகு எடுத்த நோட்டுகள் எல்லாம் மடித்தபடி அப்படியே இருந்தன.

"அந்தப் பேரச் சொல்லி வெரல வச்சா, ஆமான்னு பச்ச எரியுது. வேற எங்கடி அந்தப் பேருக்குப் பதில் வருது?"

சான்றிதழைக் கொடுத்துவிட்டு, ரேகையையும் திருத்தினால் அந்தப் பச்சை இனி எரியாது. "ரெண்டாந்தரம் பொதைக்கச் சொல்றியா?" என்று அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. பேசாமல் இருப்பது எப்படியிருக்கும் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. இன்று வெள்ளிக்கிழமை. விடிந்ததும் அவளாகவே, "திங்கக்கெழம போலாம். இன்னிக்கு மட்டும் போய்ட்டு வந்துடறேன்" என்றாள்.

பத்து வயது தாண்டிய பிள்ளைகள் கணக்கைத் தனியாகவே வைத்துக்கொள்ளலாமாம். ஒரு காலத்தில் அதைத்தான் கேட்டுக் கத்தினேன். படிவத்தில் காப்பாளர் என்ற இடத்தில் அம்மாவின் பெயரை எழுதிவிட்டேன். அவள் விரல் முதல்முறையாக அவள் பெயருக்கே இருக்கட்டும்.

மணி பதினொன்றாகப் போகிறது. அம்மா உன் சட்டையோடு போயிருக்கிறாள். நான் மாடத்துக்கு எதிரே உட்கார்ந்து எழுதுகிறேன்.

இதோ, போன் நகர்கிறது. எடுத்துக்கொள், அப்பா.

விடுதியில் சேர்க்கும் நாளில், ஏழுமலை மகள் யார் என்று கூப்பிடுவார்கள். நான் எழுந்து நின்று, கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி ஆமாம் என்பேன். அந்தப் பெயருக்கு இனி என்னிடமிருந்து பதில் வரும். அம்மாவிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

ஐந்து நாள் பேசாமல் இருந்த
உன் மகள்,
ஏ. செல்வி